இடது மூலையில் ஒரு பூக்கிளை

அவர் வீடு மாற்றும் லாரியில் முப்பத்தைந்து வருடம் சாமான் தூக்கியவர். காலி செய்கிறவர்கள் வேண்டாமென்று விட்டுப்போவதில் மற்ற ஆட்கள் நாற்காலியை எடுப்பார்கள், இவர் கம்பளத்தை எடுப்பார். அதிலும் ஒரே வகைதான்: நூறு வருடத்துக்கு முன் மேல்நாட்டு வரவேற்பறைகளுக்கென்றே சீனாவில் நெய்தவை. சுற்றிலும் கரை, நடுவில் வட்டம் என்ற பழைய சீன அமைப்பு அவற்றில் இருக்காது. முழுக்க ஒரே நிறம், ஒரு மூலையில் பூக்கிளை, எதிர்மூலையில் பறவை, அவ்வளவுதான். மிச்ச இடத்தைச் சும்மா விடத் தைரியம் வேண்டும் என்பார்.

பக்கவாதம் வந்த ஆறாம் வாரம் அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டு நர்ஸாகப் போனேன். வீட்டில் மூன்று கம்பளங்களும் ஒரு சண்டையும் இருந்தன. அவருக்கு உயிரான கத்தரிப்பூ நிறக் கம்பளத்தில் இடது மூலைப் பூக்கிளையைக் காணோமாம். மகள் அசலை எடுத்துக்கொண்டு போலியை விரித்துவிட்டாளாம். ஒரே மகள். வேலை முடிந்து தினமும் வந்து குளிப்பாட்டியவள். அவள் கொடுத்தால் தண்ணீர்கூட வாங்க மறுத்தார். அவளும் இனி வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று போய்விட்டாள்.

கிளை இருந்த இடத்தில்தான் இருந்தது. இந்தப் பக்கவாதத்தில் சிலருக்குக் கண் நன்றாகவே இருக்கும். இடது பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மூளை விட்டுவிடும். தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கும். மருத்துவர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாதாடிப் பயனில்லை. தனியாகத் தூக்க முடியாது, ஒரு கை பிடி என்று மகளை வரவழைத்தேன். அவர் கண்ணெதிரே கம்பளத்தின் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி விரித்தோம்.

வெகுநேரம் பார்த்தார்.

"கிளை வந்துடுச்சு."

"பறவை?" என்றேன்.

"இருந்துச்சே. இப்பக் காணோம்."

"அதையும் உங்க பொண்ணுதான் எடுத்துட்டாளா, ஐயா?"

அவர் மகளின் வெறுங்கைகளைப் பார்த்தார். "இவ்வளவு வேகமா மாத்தத் தெரிஞ்சிருந்தா இவளை அன்னிக்கே லாரி வேலைக்குச் சேத்திருப்பேனே."

மகள் சிரிக்கவில்லை. நான் அவர் தாடையைப் பிடித்து, கம்பளத்தின் ஓரம் தட்டுப்படும்வரை முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். நெற்றி வேர்த்தது. பறவை கிடைத்தது.

பிறகு மகளிடம், "அந்தப் பக்கம் போய் உக்காரும்மா" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"எனக்குத் தெரியாத பக்கம். தப்பு என் பேர்லதான், நானே தேடிக்கறேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளைக் கண்டுபிடிக்க நாற்பது நொடி ஆனது. மறுநாள் முப்பது.