வியாழக்கிழமை ஜீப்

எண்பதுகளில் நான் ஏற்காட்டில் நர்ஸாக இருந்தபோது, எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய பச்சை ஜீப் வியாழக்கிழமைகளில் மட்டும் கிடைக்கும். புற்றுநோய் முற்றியவர்களை அதில் ஏற்றிச் சேலத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அழைத்துப் போவோம். ‘கரண்ட் வைக்கப் போறது’ என்பார்கள் மலைக்காரர்கள். பெரும்பாலோர் காபி பறிப்பவர்கள். கன்னத்தில் புகையிலையை அடக்கியே குளிரையும் பசியையும் தாங்கியவர்கள். வாயில் புண் வந்தும், வலி பொறுக்க முடியாமல் போன பிறகே எங்களிடம் வருவார்கள்.

புதிதாக வந்த டாக்டரம்மா சில வாரங்கள் அந்த ஜீப்பில் கூடவே போய்ப் பார்த்தார். பிறகு, இனி அது ஊர் ஊராகப் போகட்டும், வலி வருமுன்பே எல்லோர் வாயையும் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார். முற்றியவர்களுக்கு வலி மருந்தும், பஸ்ஸில் முன்சீட்டும், துணைக்கு ஓர் ஆளும் ஏற்பாடு செய்தார்.

செய்தி கேட்டு, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் நேரே வந்துவிட்டார். அவருடைய அம்மாவுக்குக் கன்னத்தில் புற்று.

“ஏனுங்க டாக்டரம்மா, சாகப்போறவதானேன்னு எங்கம்மாவைக் கைவிட்டுட்டீங்களா?”

“கைவிடலைங்க. ஜீப் ஒண்ணுதான் இருக்கு. இன்னும் எத்தனை பேருக்கு இது வராம தடுக்கலாம்னு பார்க்கிறேன்.”

அவர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். டாக்டரம்மா அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த அம்மாவுக்குத் துணையாகப் பஸ்ஸில் போனது நான்தான். கொண்டை ஊசி வளைவுகளில் என் தோளில் சாய்ந்துகொண்டு, குழறிய குரலில், “அவன் கெடக்கறான் கண்ணு. ஜீப்பு நொம்பத் தூக்கித் தூக்கிப் போடும்” என்றார். அந்த வருஷக் காபிப் பழம் பறித்து முடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை ரைட்டரின் ஊரான தலைச்சோலைக்கு ஜீப்பில் போனோம். வாயைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டுப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ரைட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “மொதல்ல என் வாயைப் பாருங்க. அப்பறம் இவங்க காட்டுவாங்க.”

டாக்டரம்மாவின் டார்ச் வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது. கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு; விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடியது. சேலத்தில் அதை வெட்டி எடுத்தார்கள். அவர் புகையிலையை விட்டார். அன்று அவருக்குப் பின்னால் வந்து நின்ற வரிசை பொழுது சாயும்வரை குறையவில்லை.

போன மாதம் அவரைக் கடைவீதியில் பார்த்தேன். எண்பதைத் தாண்டியும் முறுக்கைக் கடித்து மென்றுகொண்டிருந்தார்.

“அன்னிக்கு டாக்டரம்மா செஞ்சது சரின்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா?” என்றேன்.

வாயிலிருந்த முறுக்கை மென்று விழுங்கினார். “எனக்குச் சரிங்க நர்ஸம்மா. எங்கம்மாவுக்குச் சரியில்லீங்க.”

டாக்டரம்மா இன்று உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பதிலை மறுத்திருக்கமாட்டார்.