கடைமடைக்கு விழுந்த ஓட்டு

சத்தியமாக நடந்தது இது. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் கிண்டல் பண்ணியே ஓடவைக்கிற ஆள் நான். இதை மட்டும் கிண்டல் பண்ண முடியவில்லை. நான் ஒருவன் பார்த்திருந்தால் கண் மயக்கம் என்று விட்டிருப்பேன். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கால்வாயில் ஷட்டரைத் திறந்து மூடுவது என் வேலை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அணையில் மிச்சம் இருந்த தண்ணீர் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் காணும். அதை மேலே இருக்கிற தலைமடை வயல்களுக்கு விடுவதா, கால்வாய் முடிகிற கடைமடைக்கு விடுவதா? பாசன சங்கத்தில் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். என் அக்கா வயல் கடைமடையில். கதிர் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர்.

சாயங்காலம் நாலு மணி. ஓட்டு சரிபாதியாக நின்றது. அப்போதுதான் கொம்பன் உள்ளே வந்தான்.

அவன் தலைமடைக்காரன். கடைமடை என்றாலே எரிந்து விழுவான். அவனைப் பார்த்ததும் அக்கா முகம் சுண்டிப்போனது.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டை நெஞ்சு வரைக்கும் ஈரம். அதற்கு மேலே காய்ந்திருந்தது. சொட்... சொட்... என்று சத்தம். ஊரே காய்ந்து கிடக்கும்போது இவன் எங்கே போய் நனைந்தான்?

"கடைமடைக்கு விடலாம்ங்கறவங்க, இன்னொரு தடவ கை தூக்குங்க," என்றார் சங்கத் தலைவர்.

கொம்பன் இடது கையைத் தூக்கினான்.

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே, பண்றது நல்ல காரியம். அத வலது கையால பண்ணுங்களேன்!"

"வலது கை வராது."

கூட்டத்தில் எழுந்த சிரிப்பு சட்டென்று நின்றது. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"இப்பவே திறங்க," என்றான்.

"அதெப்படி?" என்றார் தலைவர். "வாய்க்கால்ல ஆளு, மாடு எல்லாம் இறங்கியிருக்கும். மைக்ல சொல்லிட்டு, காலைல ஆறு மணிக்குத்தான். உனக்குத் தெரியாத விதியா?"

கொம்பன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"இப்பவே..."

பார்வையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது.

மறுபடி திரும்பினால்... நாற்காலி காலி.

கதவு என் பக்கத்தில்தான். யாரும் தாண்டிப் போகவில்லை.

நாற்காலியைத் தொட்டேன்.

காய்ந்திருந்தது.

தரையும்...

மறுநாள் காலை ஆறு மணி. ஷட்டர் ஏற மறுத்தது. இரண்டு பேர் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றினோம். கதவு ஏறியது. கூடவே கொம்பன் மிதந்து வந்தான்.

கடைமடைக்குத் தண்ணீர் போகவிடாமல் கதவு ஏறி இறங்கும் காடியில், அந்தப் பள்ளத்தில், கட்டை செருக, முந்தின நாள் மதியமே ஷட்டர் குழிக்குள் இறங்கியிருக்கிறான். அவன் லேசாகத் தூக்கிவைத்த கதவு நழுவி வலது கை மேல் இறங்கிவிட்டது. குழியில் தேங்கிய தண்ணீர் நெஞ்சளவு. ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற இடம், கத்தினாலும் கேட்காது.

அக்கா வயல் பிழைத்தது. அந்த விளைச்சலில் ஒரு நெல்மணி கூட அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

செத்தவன் ஆவி ஓட்டுப் போட வந்தது என்று ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்... உடலைப் பரிசோதித்த டாக்டர் என்னிடம் பேசும் வரைக்கும்.

உயிர் போனது விடியற்காலை ஐந்து மணிக்கு மேலாம்.

கூட்டம் நடந்தபோது கொம்பன் உயிரோடுதான் இருந்திருக்கிறான்.