இங்கேயே விட்டுவிடச் சொன்னவர்

முதலில் வந்தது ஒரு விளக்குப் படம். எரியும் அகல், கீழே கூப்பிய கைகள். நம் வாசகர் குழுவின் வாட்ஸப்பில் யாரோ போட்டிருந்தார்கள். தொடர்ந்து இன்னொரு விளக்கு. பிறகு வரிசையாக. யாருக்கு என்று ஒருவரும் எழுதவில்லை. நான் சைட் ஆபீஸில் இருந்தேன். வெயிலில் வேலை செய்யத் தடை உள்ள மதிய நேரம். ஆட்கள் கன்டெய்னர் நிழலில் படுத்திருந்தார்கள். விளக்குகளைத் தள்ளிக்கொண்டே மேலே போனேன். எல்லாவற்றுக்கும் மேலே தியாகராஜன் சாரின் ஒரே வரி இருந்தது: சுகந்தி காலையில் போய்விட்டாள்.

எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்திருந்தது எதற்கும் உதவவில்லை.

இந்த வளைகுடா ஊரான மங்காஃபில், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் நம் கூட்டத்துக்கு வந்த பலருக்கும் சுகந்தி அக்காவைத் தெரியும். உணவகத்தின் மாடியில், குடும்பங்களுக்கான அறையில், சுவரோரம் உட்காருவார். மாயவரத்துக்காரர். வரலாற்றில் எம்.ஏ. கணவர் தியாகராஜன் சார் இங்கே எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்தில் இன்ஸ்ட்ருமென்ட் எஞ்சினியர். அக்காவுக்குக் கணவரைச் சார்ந்த விசா. வேலை பார்க்க அனுமதி இல்லை. பிள்ளைகள் இல்லை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத ஒன்றைப் பற்றித்தான் குழுவுக்கான இந்த நினைவஞ்சலியில் எழுத வேண்டியிருக்கிறது.

அவர் ஒருமுறைதான் கூட்டத்தில் பேசினார். தலைப்பு, முதல் உலகப் போரில் வேல்ஸ் நாட்டுக் காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றின் பட்டாலியன்கள். அறிவித்தபோதே சிரிப்பு. ஒருவர் கேட்டார், “ஏன் மேடம், ராஜராஜன் படையெல்லாம் தீந்து போச்சா?” அக்கா கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: “அவரு படைக்குப் பேச நீங்கள்லாம் இருக்கீங்களே சார்.” அதற்கும் சிரித்தார்கள். பிறகு பிரியாணி வந்துவிட்டது. பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் எழுந்து கை கழுவப் போனார்கள்.

ரெஜிமென்ட் என்றால் என்ன, பட்டாலியன் என்றால் என்ன என்று அன்று அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. “ரெஜிமென்ட்டுங்கறது இனிஷியல் மாதிரி. போய் நிக்கறது பட்டாலியன்தான். ஒரே வீட்டுப் பசங்க. ஒருத்தன் தோஹா, ஒருத்தன் ஜுபைல், ஒருத்தன் இங்க. ஒருத்தனுக்கு என்ன ஆச்சுன்னு இன்னொருத்தனுக்கு லேட்டாத்தான் தெரியும்.” நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வந்த பையன்கள். சில பட்டாலியன்கள் பிரான்ஸின் சேற்றுக்குப் போயின. ஒன்று இந்தப் பக்கம் வந்தது. பாஸ்ராவில் இறங்கி, டைகிரிஸ் ஆற்றோரமாக மேலே நடந்தது. முதலில் வெள்ளம், பிறகு வெயில், பிறகு காலரா.

பாஸ்ரா எங்களிடமிருந்து எல்லை தாண்டி, காரில் சில மணி நேரம். அக்கா போனதில்லை. சார் கூட்டிப் போகவும் இல்லை, கூட்டிப் போயிருக்கவும் முடியாது.

அன்று பேச்சு முடிந்ததும் நான் அவரிடம் போய்க் கேட்டேன், இதெல்லாம் எங்கே படித்தது என்று. படிக்கவில்லை, தட்டச்சு செய்கிறேன் என்றார். பிரிட்டனில் ஒரு தன்னார்வக் குழு. அந்த ரெஜிமென்ட்டின் போர்க்கால நாட்குறிப்புகளை, அதிகாரிகள் பென்சிலில் எழுதியதை, படம் எடுத்துப் பல நாடுகளில் உள்ளவர்களுக்கு அனுப்புவார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளப்படும். அக்காவின் ஜோடி, கார்டிஃபில் இருந்த ஒரு முதியவர், விலகிவிட்டார். அந்த இடத்துக்கு நான் வந்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த இலக்கியம் எனக்கு இங்கே வேறு எதற்கும் பயன்பட்டதில்லை. நான் டாகுமென்ட் கன்ட்ரோலர், சைட்டின் கோப்புகளை எண்ணிட்டு அடுக்குபவன்.

எங்கள் பெயர் கெட்டது நாட்குறிப்பின் ஒரு கோடைகால மாதத்தில்தான். ஒவ்வொரு நாளின் பதிவுக்கும் பக்கத்தில் அது அணிவகுப்பா, நடையா, ஓய்வா என்று ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். பென்சில் மங்கியிருந்த நாட்களை நாங்கள் இருவரும் ஊகித்தோம். தனித்தனியாகத்தான் ஊகித்தோம். இருவரும் எல்லா வெள்ளிக்கிழமையையும் ஓய்வு என்று குறித்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாலியனை வேலைக்கு அனுப்பியிருந்தோம். இரண்டும் ஒத்துப்போனதால் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. பிறகு யாரோ கவனித்து, மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள், வேல்ஸ்காரர்கள் ஞாயிறு பிரார்த்தனையை எப்போது கைவிட்டார்கள் என்று.

அக்கா தொலைபேசியில் வெகுநேரம் சிரித்தார். “கிறிஸ்தவப் பசங்களுக்கு வெள்ளிக்கெழம லீவு விட்டுட்டமேடா.” பிறகு சொன்னார், “நெனச்சுப் பாரு. நாம எவ்ளோ நாளா இங்க இருக்கோம்.”

அந்தக் கோடைகாலப் பக்கங்களை அடிக்கும்போது எங்கள் ஜன்னலுக்கு வெளியேயும் அதே வெயில்தான். அதிகாரி ஒருவர் வெப்பத்தால் மருத்துவமனைக்குப் போனவர்களைக் குறித்துவிட்டு, அதற்குக் கீழேயே சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருப்பார். நான் அதை ராணுவக் குளிர்ச்சி என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “சார் அவங்க அம்மாவுக்கு ஃபோன் பண்றத நீ கேட்டதில்ல. அன்னைக்கு பிளாண்ட்ல ஒருத்தன் விழுந்து செத்திருப்பான். ஒண்ணும் விசேஷம் இல்லம்மா, சாப்ட்டியாம்மா, அவ்ளோதான். இவனும் யாருக்கோ ஃபோன் பண்ற மாதிரிதான் எழுதியிருக்கான்.”

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் பக்கங்கள் வந்தபடி இருந்தன. அடித்தபடி இருந்தார். அந்தச் சமயத்தில்தான் சாரின் ப்ராஜெக்ட் முடிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சிகிச்சைக்காகக் கெஞ்சி விசாவைக் கொஞ்சம் நீட்டி வாங்கியிருந்தார். அது விசா முதலில் முடியுமா, அக்கா முதலில் முடிவாரா என்ற கணக்காக ஆகியிருந்தது. இதை அக்காவே என்னிடம் சொன்னார், எரிச்சலில்லாமல்.

ஒரு பகல், மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். சார் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். நாங்கள் அடித்த பக்கங்களில் இருந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. விழுந்த இடத்துக்கு அருகிலேயே அடக்கம். பணக்காரன் மகனுக்கும் அதுதான், சுரங்கத் தொழிலாளி மகனுக்கும் அதுதான். தாய்மார்கள் மனு மேல் மனு போட்டார்கள். அரசாங்கம் மறுத்தது.

“மொதல்ல அநியாயம்னு தோணிச்சு. இப்ப அப்படித் தோணல” என்றார் அக்கா. பிறகு, “நான் சார்கிட்ட சொல்லிட்டேன். உங்கிட்டயும் சொல்லிடறேன். என்னய அனுப்பாதீங்க.”

“ஊருக்கா அக்கா?”

“ஊருக்குத்தான். இத்தன வருஷம் இங்க லக்கேஜ் மாதிரியே இருந்தாச்சு. சார் விசாவுல ஒட்டிக்கிட்டு. கடைசியா நெஜமாவே லக்கேஜா போகணுமா?”

இங்கே தகனம் செய்ய முடியாது என்று சொன்னேன். புதைக்கலாம் என்றார். அந்தப் பையன்களைப் புதைத்தார்கள் என்றார். யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

“யாரும் வர வேணாம். எடம் மாறக் கூடாது. அவ்ளோதான்.”

அவரை அந்த எண்ணத்திலிருந்து திருப்ப நினைத்து, நாங்கள் இருவரும் படித்திருந்த ஒன்றை நினைவூட்டினேன். டைகிரிஸ் கரையில் ஒரு கல்லறைத் தோட்டத்தில், மண்ணின் உப்பு கற்களைத் தின்றுவிட்டது. கற்களைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே வெறும் தரை.

“தெரியும்” என்றார். “கல்லுதான் போச்சு. ஆளு அங்கதான் இருக்கான்.”

சார் மருந்துப் பையோடு திரும்பி வந்தார். வராந்தாவுக்கு என்னைக் கூட்டிப்போனார். “சொன்னாளா?” என்று கேட்டார். சொன்னார் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். “செய்யணும்னுதான் இருக்கு. ஆனா அடுத்த மாசம் இங்க எனக்கே எடம் கெடையாதேப்பா. அவள வச்சுட்டு எப்படிக் கெளம்பறது? சமாதியப் பாக்கணும்னு சொன்னா எவன் விசா தருவான்?”

அந்த மதியம், செய்தி வந்த மதியம், அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாமே நடந்துகொண்டிருந்தது. இங்குள்ள தமிழர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். உடல்களை ஊருக்கு அனுப்புவதில் பல வருடப் பழக்கம் உள்ளவர். நல்ல மனிதர், சொந்தக் காரில், சொந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மரணச் சான்று, தூதரகக் கடிதம், பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, பதப்படுத்துவது, விமானத்தில் இடம். சாரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. இங்கே நம்மவர் ஒருவர் இறந்தால் இதுதான் நடக்கும், தானாகவே நடக்கும்.

“யல்லா சார், இதுல மட்டும் ஒரு கையெழுத்து. கலாஸ், முடிஞ்சுது. நாளைக்கே ஏத்திடலாம்.”

சார் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அக்கா தன்னை இங்கேயே அடக்கம் செய்யச் சொன்னார், எங்கள் இருவரிடமும் சொன்னார் என்றேன். சங்கத்துக்காரர் கோபப்படவில்லை.

“தம்பி, அனுப்பறதுக்கு எந்தக் கவுன்டர், எந்த ஆளு, எல்லாம் எனக்கு அத்துப்படி. இங்க வைக்கறதுக்கு எங்க போகணும்னே தெரியாது. நம்ம ஆளுங்க யாரும் கேட்டதில்ல. விசாரிக்கலாம். நாளாகும். சாருக்கு அவ்ளோ நாள் இருக்கா?”

சாருக்கு அவ்வளவு நாள் இல்லை.

அப்போது மாயவரத்திலிருந்து அக்காவின் அம்மா அழைத்தார். சார் விரல் தவறி ஸ்பீக்கர் போட்டுவிட்டார், அணைக்கத் தெரியவில்லை. எல்லோரும் கேட்டோம். அந்த அம்மாளிடம் சார் ஏற்கெனவே மகளின் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“எம் பொண்ணப் பாலவனத்துல போட்டுட்டு நீங்க மட்டும் வந்து எறங்குவீங்களா மாப்ள? நான் மொகத்தப் பாக்க வேணாமா?”

அந்தப் போரில் தாய்மார்களுக்கு முடியாது என்று சொல்ல ஓர் அரசாங்கம் இருந்தது. இங்கே அதைச் சொல்ல வேண்டியவர் தியாகராஜன் சார் ஒருவர் மட்டும். அவர் மூன்று நாளாகத் தூங்கியிருக்கவில்லை. “கொண்டு வரேன்மா” என்றார். கையெழுத்துப் போட்டார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அக்காவும் சொல்லியிருக்க மாட்டார் என்று எழுத ஆசை. சொல்லியிருப்பார்.

மறுநாள் கார்கோ பகுதி. பெட்டியை எடை போட்டார்கள். ஒரு சீட்டை ஒட்டினார்கள். அந்த எடையைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நம் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தீர்கள். ராஜராஜன் படையைப் பற்றிக் கேட்டவரும் வந்திருந்தார், ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். தண்ணீர் பாட்டில்கள் கைமாறின. சங்கத்துக்காரருக்கு அடுத்த அழைப்பு வந்தது. ஜுபைலிலிருந்து யாரோ ஓர் உடலை அனுப்ப வழி கேட்டார்கள். அவர் பேசிக்கொண்டே காரை நோக்கி நடந்தார்.

ஒரு வாரம் கழித்து சார் ஊரிலிருந்து பேசினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். அம்மா முகத்தைப் பார்த்தார்கள். அஸ்தியைக் காவிரியில் கரைத்தார்கள். “ஆத்துல தண்ணி நெறையப்பா” என்றார். “போட்ட ஒடனே போயிட்டா.” அவருடைய இங்குள்ள நம்பர் சில நாட்களில் அணைந்துபோனது.

அக்காவின் பக்கங்கள் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டன. எந்த ஊர் என்று தெரியாது. சுத்தமாக அடிக்கிறார், என்னோடு சண்டை போடுவதில்லை. பட்டாலியன் இன்னும் ஆற்றோரம்தான் நிற்கிறது. பாக்தாத் வெகுதூரம். அங்கே போய்ச் சேருவதாலும் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்பது முன்பே தெரிந்துதான் அடித்துக்கொண்டிருந்தோம்.

நினைவஞ்சலியில், மறைந்தவரிடமிருந்து எடுத்துக்கொண்டதை எழுத வேண்டும் என்று குழுவில் கேட்டார்கள். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. சார் அறையைக் காலி செய்தபோது எது வேண்டும் என்று கேட்டார், எடுக்கத் தோன்றவில்லை. இருப்பது ஒன்றுதான். இங்கேயே இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது. இந்த நாட்டில் அதை அவர் வாயாலேயே கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார், போன இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியாது. மற்றவன் நான். உடலுக்குக் கிடைக்காத இடத்தை அந்த ஆசைக்காவது கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

என் விசா அடுத்த ஆண்டுவரை இருக்கிறது. அதுவரை அது இங்கே இருக்கும்.