மாமா கொடுத்த ரத்தம்

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் குழிக்குள் இறங்கிக் கிரீஸ் தடவிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி வருவார். நான் நேர் எதிர். ஊசியைக் கண்டாலே எனக்குக் கண் இருட்டும்.

கல்யாணமான ஆறாம் மாதம் அக்காவை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் இருப்பில்லை. எங்கள் மூவருக்கும் ஒரே குரூப். முதலில் என்னைத்தான் கேட்டார்கள். "போன மாசம்தான் குடுத்தேன்" என்று வாய் கூசாமல் புளுகினேன். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா பிழைத்தாள். அதற்குப் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. அக்கா கோபப்பட்டால், "என் ரத்தம்ல ஓடுது, அதான் இந்தச் சூடு" என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்தது.

பிறகு அக்கா உண்டானாள். ஐந்தாம் மாதம், ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "இவங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் குடுத்தேன்!" என்று கையைத் தூக்கினார் மாமா. பாவி மனுஷன், சிரித்துக்கொண்டே தூக்கினார்.

"குரூப் ஒண்ணா இருந்தாலும், உங்க ரத்தத்துல இருக்கிற ஒரு அம்சம் இவங்ககிட்ட இல்ல. இவங்க உடம்பு அன்னிக்கே அதை எதிர்க்கப் பழகிடுச்சு. அந்த அம்சம் இப்ப குழந்தைக்கும் வந்திருக்கு. அதனால அம்மா உடம்பே குழந்தையோட ரத்தத்தை அழிக்குது. உங்க மேல தப்பில்லீங்க. அன்னிக்கு நீங்க குடுக்கலைன்னா இவங்களே இல்ல."

கடைசி வார்த்தை மாமா காதில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து சட்டைக் கையை மணிக்கட்டுவரை பட்டன் போட்டே திரிந்தார். வாராவாரம் ஸ்கேன். வேலைக்குப் போகும்போது பாட்டு நின்றுபோனது. எட்டாம் மாதமே குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண். உடம்பெல்லாம் மஞ்சள். நீல விளக்கின் கீழ் வைத்தும் இறங்கவில்லை. ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

மாமா பழக்கதோஷத்தில் பட்டனைக் கழற்றினார். "உங்களுது மட்டும் வேண்டாம் சார்" என்றாள் நர்ஸ்.

சோதித்ததில் என்னுடையது பொருந்தியது. கண்ணை இறுக்க மூடிப் படுத்தேன். எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. இதற்கா அன்று ஓடினேன்? என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரெண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

"அன்னிக்கும் நீயே குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்டா. என்ன பண்றது, அப்பதான் வேற யாருக்கோ குடுத்துட்டு வந்திருந்தே."

"ஆமா மாமா" என்றேன்.