ஒரு கப் மைதாவின் எடை

என் மருமகள் அந்தக் கேக் அடுப்பை விற்றதற்குக் காரணம் நான்தான். அவளிடம் சொல்லிவிட்டேன். பாரம் இறங்கவில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே அவள் கேக் செய்து விற்றுவந்தாள். பெரும்பாலும் பிறந்தநாள் ஆர்டர்கள். எல்லாம் கப் கணக்கு. மைதாவைக் கரண்டியால் பொலபொலவென்று கப்பில் போட்டு, விளிம்பைக் கத்தியால் வழிப்பாள். ஆர்டர் பெருகியதும் இப்படி அளந்து மாளவில்லை. ஒரு மின்தராசு வாங்கினாள்.

"மாமா, நீங்கதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே. ஒரு கப்புக்கு எம்புட்டு கிராம்னு சொல்லுங்க. போன்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

"போனை விடு. நம்ம கப்பு, நம்ம மாவு. நானே நிறுத்துத் தாரேன்."

அவள் கடைக்குப் போயிருந்தபோது நிறுத்தேன். என் அப்பா வடமதுரையில் தானிய வியாபாரி. களத்தில் அளந்து வாங்கும்போது படியைக் குலுக்கித் தட்டி, இறங்கிய இடத்தில் இன்னொரு கை அள்ளிப் போடுவது எங்கள் வழக்கம். என் கையும் அதையே செய்தது. கப்பை மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினேன், மேடையில் தட்டினேன், மேலும் நிரப்பினேன். தராசு நூற்று அறுபது கிராம் காட்டியது. டப்பா மூடியில் அழியாத மையால் பெரிதாக எழுதி வைத்தேன்.

அதன் பிறகு வந்த கேக்குகள் மேலே வெடித்து, உள்ளே வறண்டிருந்தன.

"இதை விட்டெறிஞ்சா நம்ம ஊர்ப் பூட்டே ஒடஞ்சிரும்" என்றான் என் மகன். நானும் சிரித்தேன். அடுத்த தெருப் பெண்மணி பாதிக் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏம்மா, கேக்கு கேட்டா ரஸ்க்கக் குடுத்திருக்க? பிள்ளைக துப்புதுக."

மருமகள் பேக்கிங் பவுடரை மாற்றினாள், முட்டையை மாற்றினாள். மூடியில் நான் எழுதியதை அவள் சந்தேகிக்கவே இல்லை.

ஒருநாள் மதியம், சாயங்காலப் பலகாரத்துக்காகத் தன் வழக்கப்படி கரண்டியால் மைதாவை அளந்து வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனாள். சும்மாதான் அதைத் தராசில் கொட்டினேன். நூற்று இருபது. அதே கப், அதே மாவு. ஒவ்வொரு கப்புக்கும் நாற்பது கிராம் மாவை நான் கூட்டிக் கொடுத்திருந்தேன். அடர்த்தியைப் பாடமாக நடத்தியே காலம் தள்ளியவன் நான். மாவைக் கப்பில் திரும்பக் கொட்டிவிட்டு என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. சொல்லாததோடு நிற்கவும் இல்லை.

"அடுப்புச் சூடு சரியில்ல போல மாமா" என்று அவள் சொன்னபோது, "வோல்டேஜ் ஏறி இறங்குதும்மா, அதான்" என்றேன். தெரிந்தே சொன்னேன்.

அதன் பிறகுதான் அடுப்பை விற்க முடிவுசெய்தாள். கீரனூரிலிருந்து ஒரு தம்பதி வேனில் வந்தார்கள். அடுப்பை ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். வேன் கிளம்பும் நேரத்தில் அவள் அந்தப் பெண்ணிடம், "மறைக்கக் கூடாதுல்ல, சூடு லேசா ஏறி இறங்கும். பாத்துக்கங்க" என்றாள்.

"பரவாயில்லீங்க அக்கா, பாத்துக்கறோமுங்க."

இல்லாத குறையை அவள் ஒளிக்காமல் சொன்னதைக் கேட்டு என்னால் நிற்க முடியவில்லை. வேன் தெருமுனை திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப வோல்டேஜுன்னு சொன்னது?"

"தெரிஞ்சேதாம்மா சொன்னேன்."

"அவர் கேலி பண்ணையில நீங்களும் சிரிச்சீங்களே மாமா."

சிரித்த அன்று எனக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அவள் உள்ளே போனாள். போனில் பேசுவது கேட்டது.

"அக்காதான் பேசுறேன். வேன் ரொம்பத் தூரம் போயிருச்சா? இல்ல இல்ல, திரும்ப வேணாம். அந்த அடுப்புல ஒரு குறையும் இல்ல. நம்பி வச்சுக்கங்க."