பட்டினி கிடந்து பெருத்த எலிகள்

தாய்லாந்தின் கோன்கென் ஊரில் ருங்திவாவைப் போல ஈரலையே கட்டிக்கொண்டு அழுதவர் வேறு எவரும் இல்லை. கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையின் தொப்பையைத்தான் முதலில் பார்ப்பாள். அப்பா ஈரல் புற்றில் போனார். ஈரலில் கொழுப்பு ஏறி, புண்ணாகி, கடைசியில் புற்றாகும் வழியை எங்காவது மறிக்க வேண்டும் என்று பதினோரு வருஷமாக ஆய்வுக்கூடமே கதியாகக் கிடந்தாள்.

மதியத்துக்கு மேல் எதுவும் தின்னாவிட்டால் ஈரல் தன் கொழுப்பைத் தானே எரித்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. நாற்பது எலிகளில் பாதிக்கு நாள் முழுக்கத் தீனி, மறுபாதிக்கு மதியம் வரை மட்டும். எட்டு மாதம் கழித்துச் சிலவற்றை அறுத்துப் பார்த்தால், விரத எலிகளின் ஈரல்தான் வெண்ணெய்க் கட்டியாக இருந்தது. வெள்ளிக்கிழமை நிதிக்குழு வருகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

கூத்து என்னவென்றால், அவளும் அதே விரதம்தான். பாவாடைக் கொக்கி மாட்டாமல் ஊக்கு குத்தி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

"குடிங்க டாக்டரம்மா, முகமே வாடிப்போச்சு." கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் தோங்சைப் பெரியம்மா ஐஸ் போட்ட கரும்புச் சாற்றை மேசையில் வைத்தாள். யார் வந்தாலும் "சோறு தின்னாச்சா" என்று கேட்காமல் உள்ளே விடாத மனுஷி. ருங்திவா மடமடவென்று குடித்தாள். தின்னத்தானே கூடாது.

"பட்டினி கிடந்தும் இதுங்க எப்படி ஊதுது பெரியம்மா?"

"விரதத்தோட பலன். இதுங்க முகத்துல ஒரு களை வந்திருக்கு பாருங்க."

வேறு வழியில்லாமல், பட்டினிதான் ஈரலுக்கு எமன் என்று பதினான்கு பக்கக் கட்டுரை எழுதினாள் ருங்திவா. உலகமே தலைகீழாகப் போகிறது என்று அவளுக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

தினமும் அவள் எடுக்கும் மூன்று மணி வகுப்பு வியாழக்கிழமை மழையால் நின்றுபோனது. கூடத்துக்குத் திரும்பியவள் வாசலிலேயே நின்றாள். தோங்சை விரத எலிகளின் தண்ணீர்ப் புட்டிகளைக் கழற்றி ஒவ்வொன்றிலும் ஜாடியிலிருந்து கரும்புச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் உண்டு," என்று எலிகளை அதட்டல் வேறு.

"என்ன பெரியம்மா பண்றீங்க?"

"புத்த மடத்துல சாமிங்க மதியத்துக்கு மேல சாப்பிடக் கூடாதுன்னு சாறு குடுக்கறோம்ல, அது மாதிரிதான். விரதம் இருக்கற உயிரு நாக்கு வறண்டு கிடக்கலாமா? முதல்ல இதுங்களுக்கு, மிச்சம் உங்களுக்கு."

"எட்டு மாசமாவா?"

"ஒரு நாள் தவறினதில்ல. சாயங்காலம் புட்டியக் கழுவித் தண்ணியும் ஊத்திடுவேன்."

"தீனி ஏதும் போட்டீங்களா?"

தோங்சை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "விரதத்தக் கெடுக்கறதா? அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

ருங்திவாவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். கையில் ஒரு கிளாஸ் வந்து உட்கார்ந்தது. கிளாஸைப் பார்த்தாள், இடுப்பு ஊக்கைப் பார்த்தாள், திட்டு வரவில்லை.

மறுநாள் குழுவின் முன் பதினான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். இன்னும் ஒரு வருஷம் கொடுத்தால், தண்ணீரோடு விரதம், சாற்றோடு விரதம் என்று பிரித்துப் பார்ப்பதாகக் கெஞ்சினாள். குழுத் தலைவர் சுராசித் பெரிய டாக்டர், அதைவிடப் பெரிய தொப்பை. மதியத்துக்கு மேல் தின்னாத மழைக்கால விரதத்தில் இருந்த அவர் முன்னாலும் தோங்சை ஒரு கிளாஸ் வைத்திருந்தாள். பாதி காலியாகியிருந்தது.

"மதியத்துக்கு மேல வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதான் சார்."

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "ஒவ்வொரு மழைக்கால விரதத்துக்கும் எனக்கு நாலு கிலோ ஏறுது. நான் திருட்டுத்தனமா தின்கிறேன்னு வீட்டுல பதினாலு வருஷமா சண்டை."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். சுராசித் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷம் தர்றேன். ஆனா அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பிடாதீங்க. இந்தக் கூடத்துல இதுவரைக்கும் உருப்படியா எதையாவது கண்டுபிடிச்சது அவங்க ஒருத்தர்தான்."