ராணி காலியாக விட்ட இடம்

செவ்வாய்க்கிழமை காலை ராணியின் தம்பி போன் செய்தான். "அண்ணா, அக்கா தவறிட்டாங்க" என்றவன், கையோடு, "பேனருக்கு நல்ல போட்டோ வேணும்ணா. உங்ககிட்ட இல்லாமலா இருக்கும்?" என்று கேட்டான். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். சங்கராபுரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். தேடிப் பார்த்தால் அவள் படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைத் தூக்கினாலே "என்னை இன்னாத்துக்குணா எடுக்கறீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளை எப்படி எடுப்பது?

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஜெயராணியை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போட்டது அவளாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியை எந்தப் பெயரும் கொடுக்காமல் காலியாக விட்டிருப்பாள். அந்த இடம் கணக்கிலும் வராது, உபயோகத்துக்கும் வராது. எனக்கு முதல்முறை போட்டுக் கொடுத்தபோதே சண்டை பிடித்தேன். வீடியோக்காரனுக்கு டிஸ்க் எத்தனை பெரிதாக இருந்தாலும் போதாது. "இருக்கட்டும்ணா. வூடுன்னா விருந்தாளிக்கு ஒரு ரூம் வாணாமா?" என்றாள்.

வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் இப்படித்தான் விட்டுவிட்டு வந்தாள். வாங்கிய டிஸ்க்கில் பாதியைக் காணோம் என்று தலைமையாசிரியர் மலையிலிருந்து இறங்கி கடைக்கே வந்துவிட்டார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, விருந்தாளி ரூம் கதையைச் சொல்லி, ஒரு மவுசையும் விற்று அனுப்பிவைத்தாள். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

இடஒதுக்கீட்டுக்காக மறியலும் கடையடைப்புமாக இருந்த வருடங்கள் அவை. "ஊரே இடம் கேட்டு ரோட்டுல உக்காந்துக்கினு இருக்கு, நீ இருக்கற இடத்தை சும்மா போட்டு வைக்கிற" என்று அவளை வம்புக்கு இழுப்பேன். "வாயி ஜாஸ்திணா உங்களுக்கு" என்பாள்.

அந்த நாட்களில்தான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கரும்பு விவசாயி தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். நான்தான் வீடியோ. அதை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதே கேசட்டில் அதன்மேலேயே அடுத்த முகூர்த்தத்தையும் எடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இரண்டு வாரத்தில் அந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கருமாதிக்கு முன்னால் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று பெண் சொல்லி அனுப்பினாள். கம்ப்யூட்டரைப் போட்டால் விண்டோஸ் எழவே இல்லை. மொத்தக் கல்யாணமும் டெஸ்க்டாப்பில் கிடந்தது. மறுபடி விண்டோஸ் போட்டால் அதோடு அழிந்துவிடும்.

ராணிக்குப் போன் செய்தேன். "அதுல கை வைக்காதீங்க. நான் வரேன்" என்றாள். அன்று மறியல், பஸ் கிடையாது. கடைகள் எல்லாம் பூட்டியிருந்ததால் புது டிஸ்க் வாங்கவும் வழியில்லை. ஒரு விண்டோஸ் சிடியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போகிறாய் என்று மறித்தார்களாம். "ஒருத்தர் வூட்டுக் கல்யாணம் கம்ப்யூட்டர்ல மாட்டிக்கினு இருக்குங்க" என்றதும் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்களாம்.

பழைய விண்டோஸைத் தொடாமல், காலியாக விட்டிருந்த அந்த இடத்தில் புதிதாக ஒன்றைப் போட்டாள். அது வழியாக உள்ளே போய்ப் பார்த்தபோது கல்யாணம் அப்படியே இருந்தது. பந்தியில் வாளியோடு நின்ற அப்பா கேமராவைப் பார்த்து, "என்னை இன்னாத்துக்குய்யா எடுக்கற? போய் எம் பொண்ண எடு" என்றார். நான் அழுதுவிட்டேன். ராணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டீ குடிக்கும்போதுதான் சொன்னாள். "உண்மைய சொல்லட்டுமாணா? மொத தடவ நான் வேணும்னு விடல. பாதியில கரண்டு போச்சி, மீதி எடத்த மறந்துட்டு வந்துட்டேன். நீங்க சண்டைக்கு வந்ததும் வாயில வந்தத சொல்லி வச்சேன்."

"அப்புறம் ஏன் எல்லார் கம்ப்யூட்டர்லயும் விட்ட?"

"சொன்ன சொல்ல காப்பாத்த வாணாமா?"

இவளை என்ன செய்வது! கல்யாணத்தை டிவிடிகளில் எழுதி, பழைய விண்டோஸையும் மறுபடி போட்டுக் கொடுத்ததும், புதிதாகப் போட்டதை அழித்து, அந்த இடத்தைப் பழையபடி காலியாக்கிவிட்டுத்தான் கிளம்பினாள்.

பேனரில் அவளுடைய ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டோம். அடக்கத்துக்கு அந்தக் கல்யாணப் பெண் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். "எங்கப்பாவ எனக்குத் திருப்பிக் குடுத்தவங்க. ஒரு நல்ல போட்டோ கூடவா இல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். டிஸ்க் முழுக்க ஊரார் கல்யாணங்கள். கடைசியில் அவள் விட்டுவைத்த இடம், ஒன்றுமே எழுதாமல் அப்படியே இருந்தது. எத்தனையோ முறை இடம் போதாமல் திண்டாடியிருக்கிறேன், அதை மட்டும் தொட்டதில்லை. ராணி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அதுதான்.

இருக்கட்டும்.